அடுத்தடுத்துத் தொழில் தொடங்குபவர்கள்: எது கூட வரும், எது வராது?

புதுமுகம் | மார்ச் 4, காலை

ஒரு தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர் அடுத்ததில் ஜெயிப்பார் என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். இதற்குக் கணக்கு ஏதாவது இருக்கிறதா, இல்லை ஆறுதல் பேச்சா? இரண்டாவது, மூன்றாவது கம்பெனி ஆரம்பிப்பவர் முதல்முறை ஆரம்பிப்பவரைவிட எதில் கெட்டி? பொதுவாக ‘அனுபவம்’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். குறிப்பாக வேண்டும்.

கணக்கன் | மார்ச் 4, மதியம்

கணக்கு இருக்கிறது, ஆனால் ஆறுதல் தராது. கோம்பர்ஸ், கோவ்னர், லெர்னர், ஷார்ஃப்ஸ்டைன் நால்வரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு. வென்ச்சர் முதலீடு (வேகமாக வளரக்கூடிய புதுக் கம்பெனிகளில் பங்குக்காகப் போடும் பணம்) பெற்ற அமெரிக்க நிறுவனங்களை எடுத்துக்கொண்டார்கள். முன்பு ஒரு நிறுவனத்தை வெற்றியாக முடித்தவர் அடுத்ததிலும் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம். முதல்முறை தொடங்குபவருக்குச் சுமார் 20. முன்பு தோற்றவருக்கு? அதுவும் சுமார் 20தான், ஓரிரு புள்ளி கூட இருக்கலாம். தோல்வி கற்றுக்கொடுத்தது அந்த ஓரிரு புள்ளி. பள்ளிக்கூடம் என்றால் ரொம்ப மோசமான பள்ளிக்கூடம்.

அங்கே ‘வெற்றி’ என்பதன் அளவுகோல் பங்குச் சந்தைக்கு வருவது. நல்ல லாபத்தில் சத்தமில்லாமல் ஓடும் கம்பெனி அந்தக் கணக்கில் வெற்றியே இல்லை. இதையும் மனதில் வையுங்கள்.

நூல்பிடி | மார்ச் 4, இரவு

கணக்கன் சொன்ன 30, 20 இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘வெற்றி கற்றுக்கொடுக்கிறது’ என்று முடிவு கட்டக் கூடாது. முதலில் ஜெயித்தவர் ஆரம்பத்திலிருந்தே கெட்டிக்காரராக இருந்திருக்கலாம். அல்லது ஜெயித்த பெயர் இருப்பதால் இரண்டாம் முறை நல்ல ஆட்கள், நல்ல சப்ளையர், சீக்கிரமான பணம் எல்லாம் தானாகவே வந்திருக்கலாம். பெயரே முதலாகிவிடுகிறது.

சாதாரணக் கடைகளைப் பற்றி வேறொரு ஆய்வு இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் 1990 முதல் 2011 வரை தொடங்கிய சில்லறைக் கடைகள், சேவைக் கடைகள் அத்தனையையும் லாஃபோன்டேனும் ஷாவும் பார்த்தார்கள். முன்பு ஒரு கடை நடத்தியவரின் அடுத்த கடை அதிக காலம் நிற்கிறது. ஆனால் அந்தத் துறையில் திரும்பத் திரும்பத் தொடங்குபவர்கள் குறைவு. பெரும்பாலானோர் ஒரு முறையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கணக்கன் | மார்ச் 5, காலை

நூல்பிடி சொல்வது சரி. அதனால் கேள்வியை இப்படி மாற்றுகிறேன்: ஒரு தொழிலிலிருந்து அடுத்த தொழிலுக்கு எது உண்மையில் கைமாறுகிறது?

என் எண்ணம்: நான்கு சாமான்கள். சேர்ந்து வேலை செய்து பழகிய ஆட்கள். எழுதி வைத்த எண்கள். உரிமை நம் பெயரில் இருக்கும் ஒரு கருவி அல்லது முறை. சப்ளையரிடமும் வாங்குபவரிடமும் உள்ள நாணயம். ஐந்தாவதாக, யாரும் கேட்காமலே கூட வருவது பழைய கடன் பொறுப்பு. ‘தைரியம்’, ‘விடாமுயற்சி’ எல்லாம் எனக்கு அளக்கத் தெரியாது, விட்டுவிடுகிறேன்.

நல்ல உதாரணம் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட். முதலில் ‘கேம் நெவர்எண்டிங்’ என்ற ஆன்லைன் விளையாட்டு. அது தேறவில்லை, அதற்காகச் செய்த படம் பகிரும் வசதி ஃபிளிக்கர் ஆனது (2004), அடுத்த வருடமே யாஹூ வாங்கியது. பிறகு மறுபடியும் ஒரு விளையாட்டு, ‘கிளிட்ச்’. 2011-ல் திறந்து 2012 டிசம்பரில் மூடினார்கள். அதைக் கட்டும்போது குழு தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கிய சாட் கருவிதான் 2014-ல் பொதுவில் வந்த ஸ்லாக். சேல்ஸ்ஃபோர்ஸ் 2021-ல் வாங்கி முடித்தது, அறிவித்த விலை 2,770 கோடி டாலர்.

எல்லாரும் இதைத் தோல்வியில் பூத்த பூ என்று சொல்வார்கள். நான் பார்ப்பது வேறு. கிளிட்ச் தொடங்கிய நால்வரில் மற்ற மூவரும் ஃபிளிக்கர் நாட்களிலிருந்து கூட வந்தவர்கள். ஆட்கள் மாறவில்லை, வேலை செய்யும் விதம் மாறவில்லை. விற்கும் பொருள் மட்டும் மாறியது.

புதுமுகம் | மார்ச் 5, மாலை

அப்படியென்றால் ஹென்றி ஃபோர்டு? இரண்டு கம்பெனி திவாலாகி மூன்றாவதில் ஜெயித்தார் என்பார்களே. அவரிடம் என்ன கைமாறியது?

பழைய எந்திரம் | மார்ச் 6

முதலில் ஒரு திருத்தம். இரண்டும் திவாலாகவில்லை. 1899-ல் தொடங்கிய டெட்ராய்ட் ஆட்டோமொபைல் கம்பெனி 1901 ஜனவரியில் கலைக்கப்பட்டது, அது சரி. இரண்டாவதான ஹென்றி ஃபோர்டு கம்பெனியிலிருந்து 1902-ல் முதலீட்டாளர்களோடு ஒத்துப்போகாமல் அவர் விலகினார். கம்பெனி மூடவில்லை. ஹென்றி லீலண்ட் உள்ளே வந்தார், பெயர் மாறி காடிலாக் ஆனது. ஆள் தோற்றார், கம்பெனி தோற்கவில்லை.

மூன்றாவதில் (1903 ஜூன்) என்ன வித்தியாசம் என்று பார்த்தால் பொறியியலைவிடக் கணக்கில்தான் வித்தியாசம். கைக்கு வந்த ரொக்கம் 28,000 டாலர். எல்லாவற்றையும் தானே செய்யாமல் எஞ்சின், கியர் பெட்டி, அச்சு எல்லாம் டாட்ஜ் சகோதரர்களிடம் வெளி ஆர்டர். உடல், சக்கரம் வேறு இடத்தில். தொழிற்சாலையில் பூட்டுவது மட்டும்தான். டாட்ஜ் சகோதரர்கள் கம்பெனியில் 10 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டார்கள், அதாவது சப்ளையரே பார்ட்னர். கணக்குப் பெட்டிக்கு ஜேம்ஸ் கசன்ஸ் என்ற கறாரான ஆள்.

அப்படியிருந்தும் ஜூலையில் வங்கி இருப்பு 223 டாலர் 65 சென்ட் வரை இறங்கியது. அந்த மாதமே முதல் கார் 850 டாலருக்கு விற்றது, தப்பித்தார்கள். ஒரு வாரம் தள்ளியிருந்தால் மூன்றாவதும் போயிருக்கும், நாம் இப்போது வேறு பெயரைப் பேசிக்கொண்டிருப்போம்.

கணக்கன் | மார்ச் 6, இரவு

இந்த 223 டாலர்தான் விஷயம். பணம் எத்தனை நாள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்பதை முதல்முறைக்காரர் பார்ப்பதில்லை, இரண்டாம் முறைக்காரர் முதலில் அதைத்தான் பார்ப்பார். சரக்கு கிடக்கும் நாட்கள், அதோடு வசூலாகும் நாட்கள், அதிலிருந்து சப்ளையருக்கு நாம் கொடுக்க எடுக்கும் நாட்களைக் கழிக்க வேண்டும்.

சரக்கு 45 நாள், வசூல் 60 நாள், சப்ளையர் கடன் 30 நாள் என்றால் 75 நாள். மாதச் சரக்குச் செலவு 100 என்றால் எப்போதும் 250 உள்ளே மாட்டியிருக்கும். வியாபாரம் இரட்டிப்பானால் 500. மாத லாபம் 10-லிருந்து 20 ஆகும்போது கூடுதலாக 250 புரட்ட வேண்டும். லாபத்தில் ஓடிக்கொண்டே கம்பெனி மூச்சு முட்டிச் சாவது இப்படித்தான். ஆர்டர் குவிகிறது, சம்பளம் போட முடியவில்லை.

அதே ஆள் அடுத்த தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது, வாங்குபவர் முன்பணம் கட்டும் வகையாகத் தேடுவார். சரக்கு 20 நாள், வசூல் 0, சப்ளையர் கடன் 30 நாள். கணக்கு மைனஸ் 10 நாள். வளர வளரப் பணம் உள்ளே வரும். திறமை கூடவில்லை, தேர்வு மாறியது. நான் ‘வளர்ச்சி’ என்று ஒத்துக்கொள்வது இதைத்தான்.

புதுமுகம் | மார்ச் 7

அப்போது முதல் தொழில் ஏன் படுத்தது என்று சரியாகக் கண்டுபிடித்தால் போதுமா? தோற்ற ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்கிறார்களே.

நூல்பிடி | மார்ச் 7

சொல்கிறார்கள். பெரும்பாலும் தப்பாக. கடனால் மாட்டியவர் ‘இனிக் கடனே கூடாது’ என்பார், பார்ட்னரால் மாட்டியவர் ‘இனிப் பார்ட்னரே கூடாது’ என்பார். சூடு கண்ட பூனை, நெருப்பில்லாத அடுப்புப் பக்கமும் போகாது. ஒரே ஒரு தோல்வியை வைத்துச் சட்டம் எழுதுவது ஆபத்து.

காரணத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது, அதுவும் இந்த வரிசையில். ஒன்று, தேவை இருந்ததா: விளம்பரம், தள்ளுபடி எதுவும் இல்லாமல் இரண்டாம் முறை வாங்கியவர்கள் எத்தனை பேர்? இரண்டு, ஒரு உருப்படியில் ஏதாவது மிஞ்சியதா? மூன்று, மிஞ்சியது நேரத்தில் கைக்கு வந்ததா? முதல் இரண்டும் சரி, மூன்றாவது மட்டும் தப்பு என்றால் தொழிலே தப்பு என்று நினைத்துத் துறை மாறக் கூடாது. பணம் வரும் வழியை மட்டும் மாற்றி அதே தொழிலைத் திரும்பச் செய்யலாம்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு கணக்கு. விலை 100. பொருள் 55, பொதி அனுப்புதல் 12, விற்பனைக் கமிஷன் 8, திரும்பி வருவதால் நட்டம் 6. மிச்சம் 19. மாத நிலையான செலவு 1,900 என்றால் 100 உருப்படி விற்றால் கையைக் கடிக்காது. இப்போது ‘10 சதவீதம்தானே’ என்று தள்ளுபடி கொடுங்கள். மிச்சம் 9. அதே 1,900-ஐ எடுக்க 212 உருப்படி விற்க வேண்டும். இந்த இடத்தில் விழுந்தவர் ‘போட்டி அதிகம்’ என்று காரணம் சொல்வார்.

பழைய எந்திரம் | மார்ச் 8

வென்றவர்களும் தப்புப் பாடம் படிப்பார்கள், அதைவிட நம்பிக்கையோடு. ஜென்ஸ்ட்ரோம், ஃப்ரீஸ் இருவரையும் எடுங்கள். கசா என்ற கோப்பு பகிரும் மென்பொருளில் செய்த பியர்-டு-பியர் முறையை (நடுவில் பெரிய சர்வர் இல்லாமல் பயன்படுத்துபவர்களின் கணினிகளே ஒன்றோடொன்று பேசுவது) 2003-ல் ஸ்கைப்பில் தொலைபேசிக்குப் போட்டார்கள். அபார வெற்றி, 2005-ல் ஈபே 260 கோடி டாலருக்கு வாங்கியது. அதே முறையை வீடியோவுக்குப் போட்டு 2007-ல் ஜூஸ்ட். தனியாக ஒரு மென்பொருள் இறக்கிப் பதிய வேண்டும். அதற்குள் யூடியூபில் பிரவுசரிலேயே சொடுக்கினால் படம் ஓடியது. ஜூஸ்ட் 2009-ல் சொத்துகளை விற்று முடித்தது.

தொலைபேசியில் அந்த முறை ஒரு பெரிய செலவை, அழைப்புக் கட்டணத்தை, அடித்தது. வீடியோவில் அது சேமித்தது கம்பெனியின் சர்வர் செலவை. பார்ப்பவருக்கு அதில் எதுவும் மிச்சமில்லை, ஒரு தொல்லை கூடியது. கருவி கைமாறியது, அது தீர்த்த பிரச்சினை கைமாறவில்லை.

கணக்கன் | மார்ச் 8, இரவு

நல்ல உதாரணம், ஆனால் அதே கதையில் அவர்கள் செய்த ஒரு கெட்டிக்காரத்தனத்தையும் சொல்லுங்கள். ஸ்கைப்பை விற்றபோது அடிப்படைத் தொழில்நுட்பத்தின் உரிமை அவர்களுடைய ஜோல்டிட் என்ற வேறு கம்பெனியிடமே இருந்தது, ஈபேக்குக் கிடைத்தது உரிமம்தான். 2009-ல் ஈபே ஸ்கைப்பை வேறு முதலீட்டாளர்களுக்கு விற்க முனைந்தபோது வழக்கு வந்தது. சமரசத்தில் நிறுவனர்களுக்கு 14 சதவீதப் பங்கு திரும்பக் கிடைத்தது. எல்லாம் உரிமை யார் பெயரில் என்ற ஒரு ஷரத்தால்.

இதற்கு நேர் எதிர் வால்ட் டிஸ்னி. ஆஸ்வால்ட் என்ற கார்ட்டூன் முயலை உருவாக்கியது அவரும் அவர் குழுவும், உரிமை யூனிவர்சல் பட நிறுவனத்திடம். 1928-ல் ஒரு படத்துக்கு எவ்வளவு என்ற பேச்சுவார்த்தை முறிந்தபோது முயல் போனது, வரைபவர்களில் பெரும்பாலோரும் போனார்கள். அடுத்ததை, மிக்கி எலியை, தன் உரிமையிலேயே வைத்துக்கொண்டார். கைமாற வேண்டிய சாமான் யார் பெயரில் இருக்கிறது என்று முதல் தொழில் ஓடும்போதே பார்க்க வேண்டும், மூடும் நாளில் அல்ல.

நூல்பிடி | மார்ச் 9

ஒரே முறையைத் துறை துறையாகக் கொண்டுபோய் ஜெயித்தவரும் உண்டு, வெய்ன் ஹைசெங்கா. குப்பை அள்ளும் வேஸ்ட் மேனேஜ்மென்ட், வீடியோ வாடகை பிளாக்பஸ்டர், கார் விற்கும் ஆட்டோநேஷன். வெளியே பார்க்கச் சம்பந்தமே இல்லை. உள்ளே ஒரே வேலை: சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன முதலாளிகளை வாங்கிச் சேர்த்து, ஒரே கணக்கு, ஒரே கொள்முதல் ஆக்குவது. பிளாக்பஸ்டரை 1994-ல் வயாகாம் 840 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது.

ஜூஸ்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஹைசெங்கா துறையை மாற்றினார், பிரச்சினையை மாற்றவில்லை. மூன்றிலும் சிதறல்தான் பிரச்சினை. ஆக ‘எது கைமாறுகிறது’ என்ற கணக்கனின் பட்டியலில் ஒன்று சேர்க்க வேண்டும்: அடுத்த தொழிலில் ஒரு விஷயம் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். புது ஆட்கள், புதுச் சந்தை, புது முறை மூன்றும் சேர்ந்தால் அது இரண்டாவது தொழிலே இல்லை, இன்னொரு முதல் தொழில்.

கணக்கன் | மார்ச் 9

சேர்த்துக்கொள்கிறேன். நான் சொன்னதைவிட நன்றாகவே இருக்கிறது.

புதுமுகம் | மார்ச் 11

ஒன்றை மூடிவிட்டு அடுத்தது தொடங்குவதா, ஒன்று ஓடும்போதே இன்னொன்று தொடங்குவதா? எது மேல்?

நூல்பிடி | மார்ச் 11

இதற்கும் ஆய்வு உண்டு. உக்பசரன், வெஸ்ட்ஹெட், ரைட், ஃப்ளோரெஸ், 2010. தோல்விக்குப் பிறகு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்கிறார்களா என்று பார்த்தார்கள். பல தொழில்களை ஒரே காலத்தில் வைத்திருப்பவர்களில் தோல்வி கண்டவர்கள் அளவுக்கு மீறிய நம்பிக்கை காட்டுவது குறைவு. ஒன்றை மூடி அடுத்ததுக்குப் போகிறவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை, தோற்ற பிறகும் அதே நம்பிக்கை.

காரணம் என் ஊகம்தான்: பக்கத்தில் இன்னொரு தொழில் ஓடினால் ஒப்பிட எண் இருக்கிறது, தோற்றதை நிதானமாகப் பார்க்கலாம். இருந்த ஒரே தொழில் போய்விட்டால் மனசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் காரணத்தை வெளியே தேடும்.

பழைய எந்திரம் | மார்ச் 11

ஆனால் ஒரே காலத்தில் இரண்டு நடத்துபவர் செய்யும் பெரிய தப்பு, ஒன்றின் பணத்தை இன்னொன்றில் போடுவது. ‘நம்ம கம்பெனிதானே’. வங்கிக் கணக்கு தனி, புத்தகம் தனி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் ஒவ்வொரு தொகைக்கும் எழுத்தில் கடன் பத்திரம், வட்டி, திருப்பும் தேதி. இல்லையென்றால் நல்லது எது கெட்டது எது என்று இரண்டு வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. ஒன்று திவாலானால் கடன்காரர்கள் மற்றொன்றையும் கிளறுவார்கள். ஒரே ஊழியர் இரண்டுக்கும் வேலை செய்தால் நேரத்தையும் பிரித்து எழுதுங்கள், இந்த இடத்தில்தான் கணக்கு உதைக்கும்.

புதுமுகம் | மார்ச் 14

விற்று வெளியே வருபவர் பற்றி யாரும் பேசவில்லை. முதல் கம்பெனியை விற்ற பணம்தானே இரண்டாவதுக்கு முதல்?

கணக்கன் | மார்ச் 14, இரவு

செய்தியில் வரும் விலைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் நடுவில் நிறைய இருக்கிறது. முதலீட்டாளர் 40 போட்டு 40 சதவீதம் வைத்திருக்கிறார், கம்பெனி 60-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘போட்ட பணம் முதலில்’ என்ற சாதாரண ஷரத்து இருந்தால், 40 அல்லது பங்கு விகிதப்படி 24, இரண்டில் பெரியதை அவர் எடுப்பார். அதாவது 40. மற்ற எல்லாருக்கும் சேர்த்து 20. ‘போட்டதும் வேண்டும், பங்கும் வேண்டும்’ என்ற வகை ஷரத்தாக இருந்தால் 40, அதற்கு மேல் மீதி 20-ல் 40 சதவீதமான 8. மொத்தம் 48. மீதி 12-ஐ நிறுவனர்களும் ஊழியர்களும் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை தொடங்குபவர் முதலீட்டுப் பத்திரத்தில் மதிப்பீட்டைப் படிக்கும் முன் இந்த வரியைத் தேடுவது இதனால்தான்.

அடுத்தது, விலையில் ஒரு பகுதியைப் பிறகு தருகிறேன் என்பது. 100-ல் 60 இப்போது, 40 மூன்று வருடத்தில் இலக்கை எட்டினால். இலக்கு லாபத்தின் மேல் இருந்தால் ஜாக்கிரதை. விற்ற பிறகு புத்தகம் வாங்கியவர் கையில். தலைமை அலுவலகச் செலவை உங்கள் பிரிவின் தலையில் ஏற்றினால் லாபம் மறைந்துவிடும். இலக்கை விற்பனை வருமானத்தின் மேல் வையுங்கள், எந்த முறையில் கணக்கிடுவது என்பதை ஒரு உதாரணக் கணக்கோடு பத்திரத்திலேயே சேருங்கள். இலக்கு எட்டும் முன் உங்களை வெளியேற்றினால் மீதி என்ன ஆகும் என்றும்.

மூன்றாவது, போட்டித் தடை. ஊழியர் மீதான போட்டித் தடை செல்லாத கலிஃபோர்னியாவில்கூட தொழிலை விற்றவர் மீதான தடை செல்லும். அடுத்த யோசனை அதே துறையில் இருந்தால் கையெழுத்துக்கு முன் துறையின் எல்லையை வரி வரியாகக் குறுக்க வேண்டும்.

நூல்பிடி | மார்ச் 15

பார்ட்னர் விஷயமும் இதோடு சேரும். இரண்டாம் சுற்றில் பங்கைக் கையில் மொத்தமாகக் கொடுக்கமாட்டார்கள். நான்கு வருடம், முதல் வருடம் முடியும்வரை ஒன்றுமில்லை, முடிந்ததும் அந்த 12 மாதத்துக்கானது மொத்தமாக, பிறகு மாதம் 48-ல் ஒரு பங்கு. 10-வது மாதம் போனவருக்குப் பூஜ்யம், 18-வது மாதம் போனவருக்கு 37.5 சதவீதம். நண்பரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டுப் பாதிப் பங்கோடு போன ஆளை நான்கு வருடம் சுமப்பவர்கள் நிறைய.

புதுமுகம் | மார்ச் 18

கடைசியாக ஒன்று. விற்க ஆளில்லை, மூடத்தான் வேண்டும். அடுத்தது தொடங்கும் வழியை அடைக்காமல் எப்படி மூடுவது?

பழைய எந்திரம் | மார்ச் 18

பணம் தீரும் முன் மூட வேண்டும், இது முதல். 13 வாரப் பண ஓட்டத் தாள் ஒன்று போடுங்கள்: வாரத்துக்கு ஒரு பத்தி, உறுதியான வரவு மட்டும், ‘வரும் என்று சொன்னார்கள்’ எல்லாம் கீழே தனி வரியில். மூடுவதற்கு ஆகும் செலவை (ஊழியர் நிலுவை, அறிவிப்புக் காலச் சம்பளம், வரி, வாங்கிய முன்பணம், குத்தகை முறிப்பு) ஒரே தொகையாகக் கூட்டுங்கள். வங்கி இருப்பு எந்த வாரம் அந்தத் தொகையைத் தொடுகிறதோ அதுதான் கடைசி நாள். பூஜ்யத்தைத் தொடும் வாரம் அல்ல.

முடிவெடுத்த அன்றே புதிய முன்பணம் வாங்குவதை நிறுத்துங்கள். மூடுவது தெரிந்தும் வாங்கிய பணம் பல நாடுகளில் இயக்குநர் தலையில் தனிப்பட்ட பொறுப்பாக விழும். யாருக்கு முதலில் கொடுப்பது என்ற வரிசை சட்டத்தில் இருக்கிறது, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள். நெருக்கமான சப்ளையருக்கு மட்டும் கமுக்கமாகக் கொடுத்தால் அந்தப் பணத்தை அவரிடமிருந்து பிறகு சட்டப்படி திரும்ப வாங்கிவிடலாம்.

கிளிட்ச் மூடியபோது விளையாடியவர்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தந்தார்கள், ஊழியர்களுக்கு வேறு வேலை தேட உதவினார்கள், பிறகு படங்களையும் பொதுவில் விட்டார்கள். அதற்குக் கையில் பணம் மிச்சம் இருந்தது. அதனால் முடிந்தது.

கணக்கன் | மார்ச் 19

கூடவே ஒரு காகிதம். கம்பெனிக் கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் போட்டிருந்தால் கம்பெனி கலைந்தாலும் ஜாமீன் கலையாது. கடன், வாடகை, இயந்திரக் குத்தகை, சப்ளையர் கணக்கு நான்கிலும் பழைய பத்திரங்களைத் தோண்டுங்கள். ஜாமீன் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், தனிக் கையெழுத்தோடு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ‘விடுவித்தோம்’ என்று எழுத்தில் வாங்கும்வரை அது உயிரோடுதான் இருக்கிறது. வாய்வார்த்தை போதாது, கிளை மேலாளர் மாறினால் வாய்வார்த்தையும் மாறும். அடுத்த கம்பெனிக்குக் கடன் கேட்கப் போகும்போது முதல் கேள்வியாக வருவது இதுதான்.

புதுமுகம் | மார்ச் 19, இரவு

தோண்டினேன். குத்தகைப் பத்திரத்தில் ஒன்று இருக்கிறது, கடைசிப் பக்கத்தில். மூடும் முன் கேட்பதா, மூடிய பின்பா?

கணக்கன் | மார்ச் 19, இரவு

முன். இடத்தைக் காலி செய்து சாவி தருவதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பேரம். குறிப்பிட்ட தேதியில் காலி செய்கிறேன், வைப்புத்தொகையில் இத்தனை பிடித்துக்கொள்ளுங்கள், அன்றே ஜாமீன் விடுதலைக் கடிதம் வேண்டும் என்று ஒரே தாளில் எழுதுங்கள். சாவியும் கடிதமும் ஒரே மேஜையில் கைமாற வேண்டும்.